பூனையின் கழிப்பெட்டிக்கு எந்த மண்? ஆறு வகைகள், ஓர் ஒப்பீடு

பூனை வளர்க்கத் தொடங்கியவர்கள் உணவுக்கு அடுத்தபடியாகத் திண்டாடுவது இதில்தான்: பெட்டியில் எதைக் கொட்டுவது? கடையில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு பையும் நாற்றம் வராது, தூசி பறக்காது, ஒரு மாதம் வரும் என்றுதான் சொல்கிறது. விலையை மட்டும் பார்த்து ஒன்றைத் தூக்கி வந்தால், பத்தாம் நாள் வீடு நாறும். அல்லது பூனை அந்தப் பெட்டியை ஒதுக்கிவிட்டுச் சோபாவுக்குப் பின்னால் போய்விடும்.

முதலில் ஒரு பெயர்ச் சிக்கல். கடைக்காரர்கள் இதை லிட்டர் (litter) என்கிறார்கள். பையின் அளவும் லிட்டரில்தான் அச்சாகியிருக்கிறது. ‘பத்து லிட்டர் லிட்டர்’ என்று எழுதும் சங்கடம் வேண்டாமே என்று, பெட்டிக்குள் போடும் எல்லாவற்றையும் இந்தக் கட்டுரை மண் என்றே சொல்கிறது, அது காகிதமாகவே இருந்தாலும். லிட்டர் என்றால் அளவு மட்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

பாதம். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. பொடி மண்ணைக் கிளறிக் குழி செய்து, கழித்து, மூடிவிட்டுப் போவது அதன் இயல்பு. அதனால் பெரும்பாலான பூனைகள் மெல்லிய, உதிரியான துகளையே விரும்புகின்றன. பிடித்திருக்கிறதா என்பதை ஒரு நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும். பிடித்த பூனை நான்கு கால்களையும் உள்ளே வைத்து நிற்கும்; முன்னங்காலால் மூன்று நான்கு முறை பறிக்கும்; முகர்ந்து, திரும்பி, உட்காரும்; முடித்ததும் மூடும். பிடிக்காத பூனை பெட்டியின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும், பாதத்தை உதறும், மண்ணை விட்டுவிட்டுப் பக்கவாட்டுச் சுவரைப் பிறாண்டும், மூடாமல் ஓடும். இவை தொடர்ந்து தெரிந்தால் அடுத்தது தரையில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்றம். புதுச் சிறுநீர் அவ்வளவாக நாறாது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கும் வாடை கிளம்புகிறது. ஆக, நல்ல மண் என்பது வாசனை கலந்த மண் அல்ல. ஈரத்தைச் சட்டென்று பிடித்துவைத்து, அதை முழுதாக வெளியே எடுக்க விடும் மண். வாசனைத் திரவியம் மனிதர்களுக்காகச் சேர்ப்பது. மூடிய பெட்டிக்குள் தலையை விடும் பூனைக்கு அது தண்டனை.

தூசியும் இறைசலும். ஆஸ்துமா உள்ள பூனைக்கும் மனிதருக்கும் தூசி பெரிய விஷயம். களிமண் தூளில் படிகச் சிலிக்கா சிறிதளவு இருக்கலாம் என்பதால், பையைக் கொட்டும்போது ஜன்னலைத் திறந்துவைப்பது எல்லோருக்குமே நல்லது. காலில் ஒட்டி வீடெல்லாம் இறைவது உடல்நலப் பிரச்சினை இல்லை, துடைப்பப் பிரச்சினை.

எத்தனை கிலோ குப்பைக்குப் போகிறது. பையின் விலையை விட இதுதான் உண்மையான செலவு. நாம் வாங்குவதும் சுமப்பதும் எறிவதும் இந்த எடையைத்தான்.

சிறுநீர் கண்ணுக்குத் தெரிகிறதா. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. பூனை நோயை மறைக்கும் விலங்கு. சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, சிறுநீர்ப்பை அழற்சி, அடைப்பு எல்லாமே முதலில் பெட்டியில்தான் தலைகாட்டும். ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு என்று காட்டிக்கொடுக்கும் மண்ணுக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

## ஒரே பார்வையில்

கணக்குக்கு எடுத்துக்கொண்டது: சுமார் 4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனை ஒன்று, 50 × 40 செ.மீ. பெட்டி ஒன்று. இதில் 5 செ.மீ. ஆழத்துக்கு மண் நிரப்ப 10 லிட்டர் வேண்டும். எடைகள் எல்லாம் தோராயம்.

| வகை | ஒருமுறை நிரப்ப | மாதத்துக்கு | பூனைக்குப் பிடிக்குமா | தூசி | சிறுநீர் தெரியுமா |
|---|---|---|---|---|---|
| கட்டியாகும் களிமண் | 9–10 கிலோ | 6–8 கிலோ, முழு மாற்றம் தனி | பெரும்பாலும் | நடுத்தரம் முதல் அதிகம் | மிகத் தெளிவாக |
| கட்டியாகாத களிமண் | 6–7 கிலோ | 20–28 கிலோ | ஓரளவு | அதிகம் | இல்லை |
| சிலிக்கா கிரிஸ்டல் | 3–3.5 கிலோ (4 செ.மீ.) | 3–3.5 கிலோ | பூனைக்குப் பூனை மாறும் | குறைவு | நிறம் மட்டும் |
| மரத்தூள் பெல்லட் | 3 கிலோ (2–3 செ.மீ.) | 4–6 கிலோ | பலவற்றுக்குப் பிடிக்காது | குறைவு | மங்கலாக |
| டோஃபு (சோயாச் சக்கை) | 4–4.5 கிலோ | 3–4.5 கிலோ, முழு மாற்றம் தனி | ஓரளவு | மிகக் குறைவு | தெளிவாக |
| ஆற்று மணல் | 15 கிலோ | கழுவாவிட்டால் 100 கிலோவுக்கு மேல் | மிகவும் | குறைவு | இல்லை |

பட்டியலின் முதல் எண்ணை இன்னொரு முறை பாருங்கள். 10 லிட்டர் களிமண் ஏறத்தாழ 10 கிலோ; 10 லிட்டர் டோஃபு அதில் பாதிகூட இல்லை. ஒரு பையில் கிலோவும் அடுத்த பையில் லிட்டரும் அச்சிட்டிருந்தால் விலையை நேருக்கு நேர் ஒப்பிடவே முடியாது. ‘என் பெட்டியை ஒருமுறை நிரப்ப எவ்வளவு, பிறகு மாதத்துக்கு எவ்வளவு’ என்ற இரண்டு கேள்வியாக மாற்றிக் கணக்குப் போடுங்கள்.

## கட்டியாகும் களிமண்

கிளம்பிங் என்று பையில் போட்டிருப்பது இதுதான். சோடியம் பென்டோனைட் என்ற களிமண் ஈரம் பட்டதும் பல மடங்கு ஊதி, பக்கத்துத் துகள்களோடு ஒட்டி ஓர் உருண்டையாகிவிடும். சல்லடைக் கரண்டியால் அந்த உருண்டையை எடுத்துவிட்டால் மிச்ச மண் சுத்தமாகவே இருக்கும். துகள் மெல்லியது என்பதால் பூனைகளின் பாதத் தேர்விலும் பெரும்பாலும் இதுவே ஜெயிக்கிறது.

தரம் பைக்குப் பை ஏகத்துக்கும் மாறும். சில மண்ணில் கால்சியம் பென்டோனைட் அதிகம். அது ஈரத்தை உறிஞ்சும், ஆனால் இறுகாது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் 5 செ.மீ. உயரத்துக்கு மண்ணைப் போட்டு, ஒரே இடத்தில் 30 மில்லி தண்ணீரை ஊற்றுங்கள். 15 நிமிடம் விடுங்கள். பிறகு கரண்டியால் கட்டியைத் தூக்கி, முழங்கால் உயரத்திலிருந்து ஒரு காகிதத்தின் மேல் போடுங்கள். முழுதாக விழுந்தால் நல்ல மண். இரண்டாக உடைந்தால் பரவாயில்லை. பொலபொலவென்று சிதறினால், தினமும் அந்தச் சிதறல் பெட்டியிலேயே தங்கும். பத்து நாளில் பெட்டி முழுக்கச் சிறுநீர்ப் பொடி கலந்திருக்கும். ‘கட்டியை எல்லாம் எடுத்தாச்சே, ஏன் இன்னும் நாறுகிறது?’ என்பவர்களில் பாதிப் பேருடைய சிக்கல் இது.

மறுபாதியின் சிக்கல் ஆழம். சிக்கனமாக 2 செ.மீ. மட்டும் போட்டால் சிறுநீர் உறிஞ்சப்படும் முன்பே அடித்தட்டைத் தொட்டுவிடும்; அங்கே சிமெண்ட் பூசியதுபோல் ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எடுக்கும்போது பிளாஸ்டிக்கில் கீறல் விழும். கீறலுக்குள் நாற்றம் குடியேறும். 5 முதல் 7 செ.மீ. வரை எப்போதும் இருக்கட்டும். கட்டியை மேலிருந்து குத்தாமல், கரண்டியைப் பக்கச் சுவரோடு இறக்கி அடியிலிருந்து நெம்பி எடுங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவு. வளர்ந்த பூனை நாளொன்றுக்கு 2 முதல் 4 முறை சிறுநீர் கழிக்கும். ஒவ்வொரு கட்டியோடும் 70, 80 கிராம் மண் போகும். மாதம் 6, 7 கிலோ இப்படித் தீர்கிறது. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் நுண்ணிய துகள் கொஞ்சம் தங்கத்தான் செய்யும் என்பதால், 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை முழுப் பெட்டியையும் கொட்டிக் கழுவ வேண்டும். அந்த நாளில் இன்னொரு 10 கிலோ. ‘ஒரு மாதம் வரும்’ என்று பை சொல்லும் கணக்கில் இது பெரும்பாலும் சேர்வதில்லை.

இதைக் கழிவறையில் கொட்டவே கூடாது. பெட்டிக்குள் ஊதி இறுகுவதுபோலவே குழாய்க்குள்ளும் ஊதி இறுகும்.

அப்படியும் இதை முதலிடத்தில் வைக்க ஒரு காரணம் போதும்: கட்டிகள் தினசரி மருத்துவக் குறிப்பு. வழக்கமாக எலுமிச்சை அளவில் மூன்று கட்டி எடுப்பவர், ஒரு வாரமாக ஆரஞ்சு அளவில் நான்கைந்து எடுக்கிறார் என்றால் பூனை அதிகம் தண்ணீர் குடிக்கிறது. சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் தைராய்டையும் பரிசோதிக்க வேண்டும். கோலிக்குண்டு அளவில் ஏழெட்டுக் கட்டி கிடந்தால் சிறுநீர்ப்பை அழற்சியைச் சந்தேகிக்கலாம். ஆண் பூனை திரும்பத் திரும்பப் பெட்டிக்குள் போய் முக்குகிறது, கட்டியே இல்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து ராத்திரி முழுக்கக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் அடைப்பு அது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம்.

பொருந்தாதவர்கள்: நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டி (காரணம் கீழே), பாதத்தில் நீண்ட முடி உள்ள பூனை (ஈர மண் முடியில் உருண்டையாகக் காயும்), ஆஸ்துமா உள்ள பூனை. மாடிப்படியில் 10 கிலோ தூக்க முடியாத மனிதரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## கட்டியாகாத களிமண்

பூனை மண் வியாபாரமே இதிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முன் பெட்டியில் சாம்பலும் மணலும்தான். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த எட்வர்ட் லோ, எண்ணெய்க் கறையை உறிஞ்ச விற்றுக்கொண்டிருந்த களிமண் துகளைப் பூனைப் பெட்டிக்கும் விற்கத் தொடங்கினார். கட்டியாகும் வகை 1980-களில்தான் வந்தது.

மலத்தை எடுக்கலாம், சிறுநீரை எடுக்க முடியாது. அதுதான் இதன் ஒரே பெரிய குறை, போதுமான குறையும்கூட. ஈரம் அடியில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு பூனை என்றால் 7 முதல் 10 நாளில், இரண்டு பூனை என்றால் 4, 5 நாளில் முழுதாகக் கொட்ட வேண்டும். பை மலிவு, மாதத்துக்கு மூன்று நான்கு முறை 6, 7 கிலோ என்று கூட்டினால் மலிவு காணாமல் போய்விடும். எடுத்துவந்த பழகாத பூனையைச் சில நாள் தனியறையில் வைத்திருக்கும்போதும், குட்டிகளுக்கும் இது சரியான தேர்வு. மற்றபடி இதைத் தேடிப்போய் வாங்கக் காரணம் இல்லை.

## சிலிக்கா கிரிஸ்டல்

புதுக் காலணிப் பெட்டிக்குள் ஈரத்தை இழுக்கப் போட்டிருக்கும் சின்னப் பொட்டலத்தில் உள்ள அதே சிலிக்கா ஜெல்தான். துகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள். தன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த நீர் மெல்ல ஆவியாகும். நாற்றம் தரும் பொருள்களும் உப்பும் உள்ளேயே தங்கும்.

எடை குறைவு, தூசி குறைவு, மலத்தை மட்டும் எடுத்தால் போதும், ஒரு நிரப்பு மூன்று நான்கு வாரம் வரும். பாதிப் பெட்டி வேலை மிச்சம் என்பதால் நேரமில்லாதவர்களுக்கு இது பிடித்துப்போகும். ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, தினமும் அடிவரை கிளறிவிட வேண்டும். பூனைக்குப் பிடித்த மூலை என்று ஒன்று உண்டு. எப்போதும் அங்கேயேதான் போகும். கிளறாவிட்டால் அந்த மூலைத் துகள் பத்தே நாளில் நிரம்பி, அதற்கு மேல் வரும் சிறுநீர் குட்டையாக அடியில் தேங்கும், மற்ற மூலைகள் புத்தம் புதிதாகக் கிடக்க.

இரண்டு, நிரம்பும்வரை வாடையே இராது. நிரம்பிய அன்று திடீரென்று நாறும். பை ஒரு மாதம் என்று சொன்னாலும் துகள் பெரும்பாலும் மஞ்சளாகிவிட்டால் அன்றே கொட்டிவிடுங்கள். பாதிக்குப் புதுசைக் கலந்து இழுத்தடிப்பது உதவாது. பழைய துகள் பழையதுதான்.

துகளின் முனை கூர்மையாக இருந்தால் பூனை தயங்கும். காலடியில் சடசடவென்று சத்தம் வரும். பயந்த சுபாவமுள்ள பூனை இதற்கே ஓடிவிடும். கூர்மையில்லாத உருண்டைத் துகளாகப் பார்த்து வாங்கினால் கொஞ்சம் தேவலை, அது தரையில் உருண்டோடும் என்பது வேறு கதை. இன்னொரு இழப்பு: எத்தனை முறை, எவ்வளவு சிறுநீர் என்ற கணக்கு இதில் கிடைக்காது. சிறுநீர்ப் பிரச்சினை ஒருமுறை வந்துபோன ஆண் பூனைக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

## மரத்தூள் பெல்லட்

மரத்தூளை அழுத்திச் செய்த, சுமார் 6 மி.மீ. தடிமனுள்ள குச்சிகள். ஈரம் பட்டதும் உடைந்து தூளாகும். கட்டியாகும் மண்ணுக்கு நேர் எதிரான வேலைமுறை: அங்கே அழுக்கு கட்டியாகி மேலே வரும், இங்கே அழுக்கு தூளாகிக் கீழே போகும். அதனால் சாதாரணப் பெட்டியில் போட்டுச் சாதாரணக் கரண்டியால் அள்ளினால் நல்ல குச்சிதான் குப்பைக்குப் போகும். இதற்கு இரண்டு தட்டு வேண்டும், மேல்தட்டு சல்லடை. தினம் ஒருமுறை குலுக்கினால் ஈரத்தூள் கீழ்த்தட்டில் விழும். அதைக் கொட்டிவிட்டு மேலே ஒரு கைப்பிடி புதுக் குச்சி.

ஈரம் பட்டால் இரண்டு மூன்று மடங்கு ஊதும் என்பதால் 2, 3 செ.மீ. போதும். ஆழமாகப் போட்டால் வீண். மர வாசனை அம்மோனியாவை ஓரளவு அடக்கும். அடுப்புக்கு விற்கும் பெல்லட்டும் பார்வைக்கு இதேதான்; எரிவதற்கு உதவும் பொருள் எதுவும் சேர்க்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். பைன் மரம் என்றால் சூளையில் உலர்த்தியதாக இருக்க வேண்டும். உலர்த்தாத பைனில் உள்ள காரமான எண்ணெய்கள் மூச்சுக்கு ஆகாது.

சிக்கல் பூனையின் பாதம். நாம் கூழாங்கல் மேல் நடப்பதுபோல் அதற்கு. குட்டியிலிருந்து பழகியது ஏற்றுக்கொள்ளும். பல வருடம் மெல்லிய மண்ணில் நடந்த பூனையும் மூட்டுவலியுள்ள கிழட்டுப் பூனையும் பெரும்பாலும் மறுத்துவிடும். நாலைந்து பூனைகள் இருந்து, அவை எல்லாமே ஏற்றுக்கொண்டால், எடைக்கும் வேலைக்கும் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

## டோஃபு

சோயாவிலிருந்து பால் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையோடு மாவுச்சத்தும் பசையும் சேர்த்துச் செய்த குட்டிக் குழல்கள், 2, 3 மி.மீ. தடிமன். கட்டியாகும், எடை குறைவு, தூசி மிகக் குறைவு. கட்டியாகும் களிமண்ணின் கணக்கு வசதியும் இதில் உண்டு. சோளம், பட்டாணி நாரில் செய்தவையும் இதே குடும்பம்.

கட்டி இறுகச் சில நிமிடம் ஆகும். பூனை இறங்கியதும் கரண்டியோடு ஓடினால் கூழாகத்தான் வரும். ஒரு நாளுக்கு மேல் விட்டாலும் அடியில் களிபோல ஒட்டும். ஆக, நாளுக்கு இரண்டு முறை எடுப்பவர்களுக்கு அருமையான மண். இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுப்பவர்களுக்கு இது சரிப்படாது.

இது அடிப்படையில் உணவுப் பொருள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஈரப்பதம் அதிகமான இடத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி வைக்கும். பையைத் திறந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள். மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். பூஞ்சை வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுவதே சரி. வீட்டில் நாய் இருந்தால் அது பெட்டிக்குள் மூக்கை நுழைத்துத் தின்னவும் பார்க்கும்.

‘கழிவறையில் கொட்டலாம்’ என்று பையில் பெரிய எழுத்தில் இருக்கும். மண் கரையலாம், மலத்தோடு போகும் டாக்சோபிளாஸ்மா முட்டைகள் அவ்வளவு லேசில் சாகாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பைத் தாண்டி நீர்நிலைக்குப் போய்ச் சேரக்கூடிய ஒட்டுண்ணி அது. குப்பைப் பைக்கே அனுப்புங்கள்.

## மணலும் காகிதமும்

மணல் பூனைக்கு மிகவும் பிடிக்கும். நமக்குத்தான் ஆகாது. மணல் துகள் எதையும் உறிஞ்சுவதில்லை. சிறுநீர் இடைவெளிகள் வழியே நேராக அடிக்கு இறங்கித் தேங்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 கிலோவைக் கொட்ட வேண்டும், அல்லது கழுவி வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். வெளியே கொட்டிக்கிடக்கும் மணலில் ஏற்கெனவே தெருப் பூனைகள் கழித்திருக்கும். அதோடு குடற்புழு முட்டைகளும் வீட்டுக்குள் வரும். வெளியிலேயே கழித்துப் பழகிய பூனையை வீட்டுக்குள் பழக்க முதல் இரண்டு வாரம் மணல் நல்ல பாலம். பிறகு மெல்ல மாற்றிவிடலாம்.

கிழித்த காகிதம் நாற்றத்தைத் தடுக்காது, தினமும் மாற்ற வேண்டும், அச்சு மை வெளிர் பாதத்தில் ஒட்டும். ஆனால் கருத்தடை போன்ற அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த பூனைக்கு இதுதான் சரி: தையலில் துகள் ஒட்டாது. 7 முதல் 14 நாள், மருத்துவர் சொல்லும்வரை.

## யாருக்கு எது

சாதாரணமாக, உடல்நலத்தோடு உள்ள ஒன்று இரண்டு வளர்ந்த பூனைகளுக்கு, வாசனை கலக்காத, மெல்லிய துகளுள்ள, கட்டியாகும் களிமண். சந்தேகம் இருந்தால் இதில் தொடங்குங்கள். தூசியோ எடையோ தாங்காது என்றால் அடுத்தது டோஃபு.

குட்டிகள் மூன்று, நான்கு வார வயதிலேயே பெட்டியைத் தேடத் தொடங்கும். அந்த வயதில் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஊதி இறுகும் மண் வயிற்றுக்குள் போனால் குடலை அடைக்கலாம். அதனால் சுமார் நான்கு மாதம்வரை கட்டியாகாத களிமண்ணோ காகித மண்ணோதான். பெட்டியின் விளிம்பும் தாழ்வாக இருக்கட்டும்.

கிழட்டுப் பூனைக்கு மண்ணை விட வாசல் முக்கியம்: ஒரு பக்கம் 7, 8 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாத பெட்டி. மண் மெல்லியதாக, கால் அதிகம் புதையாத ஆழத்தில்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் எந்த மண் என்பதை விட எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கிறோம் என்பதே கேள்வி. பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா (கருவைப் பாதிக்கக்கூடிய அந்த ஒட்டுண்ணி) இருந்தாலும் அது தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. வேறொருவர் எடுப்பது உத்தமம். ஆளில்லாவிட்டால் கையுறை, பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவல்.

வாரக் கடைசியில் வீட்டில் ஆளில்லை, பூனையைப் பார்க்க வருபவர் தினம் ஒருமுறைதான் வருவார் என்றால் சிலிக்கா கை கொடுக்கும், பூனைக்கு அது முன்பே பழக்கமாகியிருந்தால். பயணத்துக்கு முந்தின நாள் மண் மாற்றுவது வினையை விலைக்கு வாங்குவது.

## மாற்றும்போது

பழசைக் கொட்டிப் புதுசை நிரப்பி ‘பழகிக்கொள்ளும்’ என்று விடாதீர்கள். இடமிருந்தால் இரண்டு பெட்டி பக்கத்தில் பக்கத்தில்: ஒன்றில் பழைய மண், ஒன்றில் புதியது. ஒரு வாரத்தில் பூனையே தீர்ப்புச் சொல்லிவிடும். இடமில்லையென்றால் முதல் மூன்று நான்கு நாள் காற்பங்கு புதுசு, அடுத்து பாதி, அடுத்து முக்காற்பங்கு. நடுவில் தரையில் ஒரு முறை கழித்தால்கூட ஒரு படி பின்னால் போங்கள். பெல்லட்டையும் கட்டியாகும் மண்ணையும் இப்படிக் கலந்தால் கட்டியும் ஆகாது, சல்லடையிலும் இறங்காது. அந்த ஜோடிக்கு இரட்டைப் பெட்டி முறைதான்.

## மண் மேல் பழி போடும் முன்

பூனை வெளியே கழித்தால் உடனே மண்ணை மாற்றத் தோன்றும். முதலில் மற்றவற்றைப் பாருங்கள். பெட்டிகளின் எண்ணிக்கை: பூனைகள் எத்தனையோ அதோடு ஒன்று கூட்டி. நீளம்: மூக்கிலிருந்து வாலடி வரை பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு, மேலே கணக்குக்கு எடுத்த 50 செ.மீ. சின்னப் பூனைக்கே கொஞ்சம் நெருக்கம்தான். இடம்: துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலோ சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலோ வைத்திருந்தால் எந்த மண்ணும் உதவாது. மூடியுள்ள பெட்டி என்றால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். திடீரென்று தொடங்கிய பழக்கம் என்றால் மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை முதலில், மண் பிறகு.

பெட்டியைக் கழுவ வெந்நீரும் வாசனையில்லாத பாத்திர சோப்பும் போதும். பிளீச்சிங் திரவம் வேண்டாம். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும். கீறல் விழுந்த பெட்டியை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். தரையிலோ மெத்தையிலோ கழித்துவிட்ட இடத்துக்கு நொதி கலந்த கறைநீக்கி வாங்கி, ஈரம் ஊறிய ஆழம்வரை நனைத்து, அதுவாகக் காயவிடுங்கள். அம்மோனியா கலந்த தரைத் துடைப்புத் திரவம் நம் மூக்குக்குச் சுத்த வாசனை. பூனை மூக்குக்கு அது, அங்கே ஏற்கெனவே யாரோ கழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்ற தகவல்.